தண்ணீர் கேட்காத கல்

சிமெண்ட் இல்லாமல் கான்கிரீட் செய்வது என் தொழில். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் என்னை மேலும் கீழும் பார்ப்பதும் அந்தத் தொழிலில் சேர்த்தி. சொந்தக்காரர்களுக்குத் தங்கள் வேலையைப் புரியவைக்க முடியாமல் கல்யாண வீட்டில் திருதிருவென்று முழித்த சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

ஒரே ஒரு லாட்

சூளகிரி பக்கம் தரைக்கல் வார்க்கும் கம்பெனியில் நான் கெமிஸ்ட். அனல்மின் நிலையத்துச் சாம்பலையும், இரும்பு உலைக் கழிவை அரைத்த ஸ்லாக் தூளையும் ஜல்லியோடு கலந்து, காஸ்டிக் சோடாவும் சிலிக்கேட்டும் சேர்ந்த திரவத்தை ஊற்றினால் கல்லாகிவிடும். ஜியோபாலிமர் என்று பெயர். உள்ளங்கை அளவு வில்லை ஒன்று முதன்முதலாக இறுகியபோது லேபில் தனியாக நின்று குதித்தேன்.

முதலாளி குதிக்கவில்லை. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று லாரி நிறுத்துமிடத்துக்குக் கல் கேட்டிருந்தது. சோதனைக்கு என் முறையில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் வார்க்கும் கற்கள், தயாராக வேண்டும். அடுத்த வியாழக்கிழமை அவர்கள் எஞ்சினியர் வந்து மிஷினில் வைத்து அழுத்திப் பார்ப்பார். முதலாளி திண்டுக்கல்காரர், சுற்றி வளைக்கத் தெரியாது. "இந்த லாட்டு தாங்குச்சுன்னா பாப்போம். ஒடஞ்சுச்சுன்னா மறுபடி சிமெண்டுதாம்மா, சாம்பல் பேச்சையே எடுக்கக் கூடாது."

சாக்பீஸ் வகுப்பு

மிக்சர் ஓட்டுவது சென்னப்பா. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் இருபது வருஷமாகப் பேசியது சிமெண்டோடுதான். வெள்ளிக்கிழமை கல்லை வார்த்து முடித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வரைந்துவிட்டேன்.

சாம்பல் மணிகளைக் காஸ்டிக் கரைக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கானும் அலுமினியமும் வெளியே வந்து, நடுவில் ஆக்சிஜனை வைத்துக்கொண்டு நாலாபக்கமும் கைகோத்து வலை மாதிரி நிற்கும். அலுமினியம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு எதிர் மின்னூட்டம் மிஞ்சி இடிக்கும். அதைச் சமாதானப்படுத்த சோடியம் பக்கத்தில் போய் உட்காரும். சிமெண்டில் தண்ணீர் கல்லோடு கல்லாகிவிடும், அதனால்தான் அதை நாள்கணக்கில் நனைக்கிறோம். இதில் வேலை முடிந்ததும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அதனால் தண்ணீர் ஊற்றவே கூடாது, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் போதும் என்றேன். சென்னப்பா வலையின் நடுவில் விரலை வைத்தார். "எல்லாம் சரிங்க மேடம். தண்ணி வெளிய போயிருச்சுன்னா, உள்ள யாருங்க புடிச்சிக்கிட்டு இருப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை நடந்தது

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஷீட் அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. கற்கள் முழுக்க ஈரச் சாக்கு. விலக்கினேன். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சோடியம் தண்ணீரோடு வெளியே வந்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் மேல்பரப்பு மாவாக உதிர்ந்தது. கத்தினேன். அழுதேன் என்றும் சிலர் சொல்கிறார்கள், நம்பலாம்.

லீவு நாளில் ராயக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, இரண்டு வேளை ஹோஸ் பைப்பால் நனைத்துவிட்டுப் போயிருக்கிறார் சென்னப்பா. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். "மூச்சு முட்ட மூடி, ஒரு வாய் தண்ணி இல்லாம கெடந்துச்சுங்க மேடம். மனசு கேக்கல."

வியாழக்கிழமை

முதலாளியிடம் கெஞ்சி, திங்கட்கிழமையே மறுபடி வார்த்தோம். கையில் மூன்றே நாள். ஸ்லாக்கைக் கொஞ்சம் கூட்டினேன். அதிலிருக்கும் கால்சியம் சீக்கிரம் இறுக வைக்கும். நான் கேட்காமலேயே சென்னப்பா குழாயின் திருகுபிடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். மூன்று நாளும் அது என் கைப்பையில்தான் இருந்தது.

எஞ்சினியர் கல்லை அழுத்தும் மிஷினில் வைத்தார். முள் ஏறியது. அவர்கள் கேட்ட அளவைத் தொட்டது, தாண்டியது, இன்னும் ஏறியது! அப்புறம்தான் டமார் என்று உடைந்தது. முதலாளி முன்னாலேயே குதித்தேன். ஆர்டர் எங்களுக்குத்தான். எஞ்சினியர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, 'எத்தனை நாள் நனைத்தது' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திச் சென்னப்பாவை நிமிர்ந்து பார்த்தார். சென்னப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு சொட்டு ஊத்தலைங்க சார். கை பரபரன்னுதான் இருந்துச்சு, கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

சிலிக்கானும் அலுமினியமும் கைகோத்துக்கொள்ளக் கொஞ்சம் காஸ்டிக் போதும். சென்னப்பா கையைக் கட்டிக்கொள்ளத்தான் முழுசாக ஒரு லாட் கல் வீணாக வேண்டியிருந்தது.