மூக்கைத் தூக்கி நின்ற வண்டி

எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனாலும் இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைக்க மனசு ஒப்பவில்லை.

எண்பதுகளில் பூனாவில், கோர்படியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தன் பழைய காரின் முன்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்து, புது ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்ஷும் போட்டு மாட்டினார். மறுநாளே வலது பக்கம் வாதம் அடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன வஹினி, விமானம் கிளம்புதா?" என்றார் எதிர்வீட்டு மராத்திக்காரர்.

"கிளம்பும்போது உங்களையும் ஏத்திக்கிறேன், பாவோஜி" என்றேன். அவருக்கு நான் அண்ணி, எனக்கு அவர் கொழுந்தன்; அங்கே அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் குழறிக் குழறிச் சொன்னார்: "வண்டியை ஜாக்கில தூக்கி, சக்கரம் தொங்கும்போதே புஷ் நட்டை இறுக்கிட்டேன். ரப்பர் முறுக்கிக்கிட்டு வண்டியை இறங்க விடல. தரையில நிக்கும்போது தளர்த்தி இறுக்கணும். அது சரியாச்சுன்னா ஞாயித்துக்கிழமை நானே மாதா கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்."

நான் யாரையும் கூப்பிடவில்லை. சேலையை இழுத்துச் செருகி வண்டிக்கடியில் படுத்து, அவர் சொல்லச் சொல்ல நட்டுகளைத் தளர்த்தினேன். வெளியே வந்து முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி ஆட்டினேன். முனகிக்கொண்டே வண்டி இறங்கி மட்டமாக நின்றது. மறுபடி படுத்து இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் ஏறினேன். வலது காலைப் பிரேக்கில் வைக்கப் பார்த்தார். கால் அசையவே இல்லை.

"வண்டியில இப்ப ஒரு குறையும் இல்ல" என்றார்.

அதுவரை வண்டி சரியில்லாததால்தான் போக முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. "இறங்குங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.