வெள்ளை வெல்வெட்டில் அக்கா வைத்த மஞ்சள்

எங்கள் அக்கா, எங்கள் ஊரான கைதடியில், ஐந்து பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். அம்மா இளவயதிலேயே கண்மூடியதால், தையல் மெசினில் இருந்து உழைத்து எங்கள் எல்லோரையும் ஆளாக்கியவர் அவரே. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "கடைசி ஒரு வழிக்கு வரட்டும்" என்று தட்டிக்கழித்தார். அந்தக் கடைசி நான்தான். நான் ஒரு வழிக்கு வருவதற்கு மொன்றியல் வரை வரவேண்டியிருந்தது. அதற்குள் அக்காவுக்குக் கல்யாண ஆசையே போய்விட்டது. பிறகு அவரையும் இங்கே கூப்பிட்டேன்.

வீட்டுக்கு எந்தப் புதுத்துணி வந்தாலும், உடுக்கும் முன் அதன் மூலையில் அக்கா ஒரு பொட்டு மஞ்சள் வைப்பார். துறைமுகத்தில் வேலைக்குப் போட நான் வாங்கிய ஜக்கெட்டும் தப்பவில்லை. கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஹொட்டோக் சோஸ் சிந்திவிட்டது என்று நினைத்துக் கடதாசி எடுத்துத் துடைத்துவிட்டார். அதைச் சொன்னபோது அக்கா மறுபடியும் வைத்தார்.

சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. முதலாளி ஹெர்ஷல், உக்ரைனில் ஒரு சின்ன நகரத்திலிருந்து சிறுவயதில் வந்த யூதர். அந்த நகரத்து யூத ஆலயம் பல காலம் தானியக் களஞ்சியமாகக் கிடந்து, சோவியத் யூனியன் உடைந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அங்கே மிஞ்சியிருந்த குடும்பங்களுக்கோ வழிபாட்டு முறை ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். மொன்றியலில் இருந்த அந்த ஊர்க்காரர்கள்தான் பிரார்த்தனை நூல்கள், குளிருக்கு ஹீட்டர், பண்டிகைச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக அனுப்பி அந்த ஆலயத்தை நிமிர்த்தினார்கள். பின்னர் தங்கள் புனித நூலான தோராச் சுருள் ஒன்றையும் அனுப்ப முடிவுசெய்தார்கள். அந்தச் சுருளுக்குச் சட்டை போல ஓர் உறை உண்டு. புதுவருடப் பண்டிகைக்கு அது வெள்ளையாக இருக்கவேண்டும். வெள்ளை வெல்வெட்டில் வெள்ளிச்சரிகை வைத்துத் தைக்கும் வேலையை ஹெர்ஷல் அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா கூலி வாங்க மறுத்துவிட்டார். "எங்கட கோயிலுக்கு நாங்கள் அனுப்புறம். அவை தங்கட கோயிலுக்கு அனுப்பினம். இதுக்கு என்னெண்டு காசு வாங்கிறது?" என்றார்.

வீட்டில் இருந்து தைத்து முடித்தார். மறுநாள் ஒருவர் அதை விமானத்தில் கொண்டுபோக இருந்தார். அன்று மாலை நான் வேலையால் வந்தபோது அக்கா குசினியில் அழுதுகொண்டு நின்றார். உறையை மடித்து வைக்கும்போது கை தன்பாட்டில் மஞ்சள் பேணிக்குப் போய்விட்டது.

"தம்பி, அந்தச் சனத்தின்ர சாமிச் சட்டையைப் பழுதாக்கிப்போட்டன்."

சவர்க்காரம் போட்டோம். மஞ்சள் சிவப்பாகியது. தேசிக்காய் பிழிந்தோம். சிவப்பு திரும்ப மஞ்சளாகியது. கரையை மடித்துத் தைத்து மறைத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

"மறைச்சா அது களவு" என்றார் அக்கா.

காலையில் இருவரும் தொழிற்சாலைக்குப் போனோம். ஹெர்ஷலின் முகம் வாடிவிட்டது. தங்கள் மதகுருவான ரபியை அழைத்தார். ரபி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மூலையை உற்றுப் பார்த்தார். "இதை உங்கள் தெய்வத்துக்குப் படைத்தீர்களா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். படைத்தது என்றால் உறை போகாது என்று விளங்கியது.

அக்கா ஆறுதலாக யோசித்தார். "சாமிக்கு வைக்கேல்லை எண்டு சொல்லு. உடுக்கிற ஆள் நல்லா இருக்கோணும் எண்டு வைக்கிறது."

"இதை உடுக்கப்போவது யார்?" என்றார் ரபி.

"உங்கட புத்தகம்தானே. அது நல்லா இருக்கட்டும்."

ரபி தாடியைத் தடவினார். "அதற்கு எதிராக எங்கள் சட்டத்தில் எதுவும் இல்லை. பொதியைக் கட்டுங்கள்" என்றார்.

ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. ஒவ்வொரு பொதி போகும்போதும், அங்குள்ளவர்கள் குறை ஏதும் சொன்னார்களா என்று ஹெர்ஷலைக் கேட்பார். சில வருடங்களின் பின் ஹெர்ஷல் தாமே அந்த நகரத்துக்குப் போய், படம் எடுத்து வந்து காட்டினார். அங்குள்ள பெண்கள் சிவப்பிலும் நீலத்திலும் புது உறைகள் தைத்திருந்தார்கள். எல்லாவற்றின் மூலையிலும் ஒரு மஞ்சள் பொட்டு. மொன்றியலிலிருந்து வந்தபடியால் அதுதான் முறை என்று எண்ணிவிட்டார்கள். தான் சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான் வைத்தார்கள் என்று ஒரு வயதான பெண்மணி சத்தியமே செய்தாராம்.

நானும் ஹெர்ஷலும் சிரித்துக் களைத்தோம். அக்கா சிரிக்கவில்லை. "அது கைதடி வழக்கம் எண்டு சொல்லிப்போடுங்கோ. அந்தச் சனம் பிழையா நம்பிக்கொண்டிருக்கக் கூடாது" என்றார். ஹெர்ஷல் பிறகு, பிறகு என்று கடத்தினார். அக்கா விடுகிற ஆளா? ஒருநாள் தமக்கு முன்னாலேயே தொலைபேசி எடுக்கவைத்தார். ஹெர்ஷல் விஷயத்தைச் சொல்லி முடித்தார். மறுமுனையில் பல பெண்களின் குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

ஹெர்ஷல் எங்கள் பக்கம் திரும்பினார். "வெங்காயத் தோலை அவித்து அந்தச் சாயத்தைத்தான் வைத்தார்களாம். வெளுத்துப்போகிறதாம். சரியான சாமான் கொஞ்சம் அனுப்பமுடியுமா என்று கேட்கிறார்கள்."

அதன்பின் ஒவ்வொரு பொதியிலும் கோட்-டெ-நேஜ் பகுதித் தமிழ்க் கடை மஞ்சள் போனது. மணந்து பார்த்து வாங்குவது அக்காவின் பொறுப்பு.

நோய் வந்தபோதும் அக்காவின் பகிடி குறையவில்லை. ஆஸ்பத்திரி உடுப்புக்கு மஞ்சள் வேண்டாமா என்று கேட்டேன். "இது ஊரெல்லாம் உடுத்துக் கழிச்சது, இதுக்கேன்?" என்றார். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

அக்காவை அன்போடு பராமரித்த தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும், வாசல் பனியைக் கேளாமலே அள்ளிய ஹெயிட்டி நாட்டு அயலவருக்கும், ரொறன்ரோவிலிருந்து பனியில் ஓடிவந்த அண்ணைமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹெர்ஷல் குடும்பத்துக்கும் நன்றி. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்த ஹெர்ஷல் அக்காவின் முழுப்பெயரைக் கேட்டார். அந்த ஆலயத்தைத் திரும்ப எழுப்ப உதவி, இப்போது உயிரோடு இல்லாதவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் பிரார்த்தனையில் வாசிப்பார்களாம். அக்காவின் பெயரை அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அவர். எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று திருத்தத் திருத்த, மாலை முழுவதும் தடக்கித் தடக்கிச் சொல்லிப் பழகினார்.

நமது முறைப்படி இங்கே நான் அக்கா என்றுதான் எழுதியிருக்கிறேன். எந்த ஆலயத்தின் உறையைப் பழுதாக்கிவிட்டதாக அக்கா அழுதாரோ, அந்த ஆலயத்தில் அவர் பெயரைச் சொல்லியே கூப்பிடப்போகிறார்கள். ஹெர்ஷல் போகும்போது வாசலில் நின்று அந்தப் பெயரை இன்னொரு தரம் சொன்னார். பிழை இல்லாமல் சொன்னார். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.