காவியாவின் முதல் கஞ்சி

பால் குடித்த வரைக்கும் செக்கச்செவேலென்று இருந்த பிள்ளை, கூழ் குடிக்கத் தொடங்கியதும் ஏன் வெளுத்துப் போனான்? பூவிழி இதைக் கேட்டபோது எங்கள் தெருவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து முடித்திருந்த எனக்கும்தான்.

பூவிழிக்குப் பாலக்கோடு மண்டியில் தக்காளி பிரிக்கிற வேலை. செங்காய் வேறு, பழம் வேறு என்று நிறத்தைப் பார்த்ததும் கை பிரித்துவிடும். கணவன் மாதவராஜ் தக்காளி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் தங்குவது அபூர்வம். மூத்தவன் நிதிலனுக்கு ஆறு மாதம் ஆனதும், கேழ்வரகுக் கூழ் பழக்கி, பாலை மறக்கடித்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் பையனின் உதடு வெளுத்தது, வயிறு உப்பியது. தர்மபுரி ஆஸ்பத்திரியில், உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத தலசீமியா நோய் என்றார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் தர்மபுரிக்குப் பஸ் ஏறி, ரத்தம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

அப்பா அம்மாவிடமிருந்து வருகிற நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்தான். அப்படியானால் பிறந்த அன்றே வந்திருக்க வேண்டாமா? ஆறு மாதம் அது எங்கே ஒளிந்திருந்தது?

நாத்தனார் தீர்த்தம்மாளிடம் பதில் தயாராக இருந்தது. "மண்டிக்கு ஓடோணும்னு பாலை நிறுத்துனியே, புள்ள ரத்தத்தையும் சேத்து நிறுத்திட்ட."

பூவிழி அதை நம்பிவிட்டாள். தெருவில் ஒரு குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்பாள்.

பிறகு காவியா பிறந்தாள். வயிற்றில் இருக்கும்போதே சோதித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அப்பாவின் ரத்தமும் வேண்டுமாம்; மாதவராஜ் லாரியிலிருந்து வருவதற்குள் சோதனைக்கான கெடு தாண்டிவிட்டது. இவளையாவது காப்பாற்ற வேண்டுமென்று பூவிழி ஒரு முடிவெடுத்தாள். பாலைத் தவிர எதுவும் கிடையாது. தினமும் காலையில் குழந்தையின் கீழ் இமையை இழுத்து உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். எட்டு மாதம் ஆயிற்று. பால் போதாமல் குழந்தை அழுது அழுது மெலிந்தது. மடியில் எடை குறைவது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க மனம் வரவில்லை.

நிதிலனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், புதிதாக வந்திருந்த டாக்டர் அருள்ராணி குழந்தையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, காத்து மாதிரி இருக்கா? என்ன குடுக்கறீங்க?"

"பாலு மட்டுந்தாங்க."

"பாப்பாவுக்கும் ரத்தம் ஏத்துவீங்களா?" என்றான் நிதிலன். "என் பெட்டுல எடமில்ல."

"உன் பெட்டு உனக்கேடா, சாமி," என்று சிரித்த டாக்டர், பூவிழியின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூவிழி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கறது ஹீமோகுளோபின்; வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு அது வேறங்க. தாய் ரத்தத்துல இருந்து ஆக்சிஜனை வாங்கிக்க வசதியானது. அதுக்கு ஒரு தனி மரபணு. பொறக்கற சமயத்துல இருந்து அது மெல்ல அடங்கும், இன்னொரு மரபணு வேலையை எடுத்துக்கும். ஆறு மாசத்துல பெரும்பாலும் மாறிடும். எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான். நிதிலனுக்கு இந்த ரெண்டாவது மரபணுதான் பழுது. பழசு ஓடுன வரைக்கும் நோய் வெளிய தெரியல."

"பாலை நிறுத்தாம இருந்திருந்தா மாறியிருக்காதுங்களே?"

"மாறியிருக்கும். குறைமாசத்துல பொறக்கற குழந்தைக்குக்கூட அது சீக்கிரமா மாறறதில்ல. கரு தரிச்சதுல இருந்து ஓடற கணக்கு அது. பாலும் தெரியாது, கூழும் தெரியாது."

"அந்தப் பழசு செத்துப் போயிருங்களா?"

"இல்லீங்க, அடங்கித்தான் கெடக்கு. அதை எழுப்பிவிடத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. சில பேருக்கு மருந்துலயே கொஞ்சம் எழும்புது."

பூவிழி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "காவியாவுக்கு எப்படிங்க?"

"ரத்தம் எடுத்து அனுப்பறேன். என்ன வரும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா பட்டினி போட்டு அதைத் தடுக்க முடியாதுங்க."

வீடு திரும்பியதும் பூவிழி கஞ்சி காய்ச்சினாள். ஐந்து வருடமாகச் சுமந்த பழியை இறக்கிவிட்டதாகச் சொல்லலாம் என்று மாதவராஜுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காவியாவை மடியில் கிடத்தி, கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. அடுத்த வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தது.

மறுநாள் காலையிலும் இமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருத்தி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கக்கூடும். தயவுசெய்து அவளிடம் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.