கூப்பிட்டால் வருவார்கள்

சாந்தினி அக்கா காலமான செய்தி, நான் மகனுக்குக் குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் உள்ள எங்கள் கல்லூரியின் மாணவர் அலுவலகத்துக்குப் பொறுப்பானவர் டேனிஷில் இரண்டு வரி அனுப்பியிருந்தார். பாலர் பள்ளி வாசலில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற மகன் "யார் அது?" என்று டேனிஷில் கேட்டான். சாந்தினி அன்ரி என்றேன். அதற்கு மேல் அவனுக்கு என்ன சொல்வது? கணவர் எஸ்பியர்க் நகரில் வேலையில் இருந்தார், கைபேசியை எடுக்கவில்லை. "அக்கா போயிட்டா" என்று தமிழில் சொல்ல மாலைவரை எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்படியான செய்திகளை நான் முதலில் சொல்வது அக்காவிடம்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து ஸ்கீவ என்ற சிறிய டேனிஷ் நகரில் வளர்ந்தவர். அலுவலகத்தின் முன்மேசை அவருடையது. நான் திருமணமாகி இங்கு வந்து, படித்த படிப்புக்கு வேலை தேடிச் சலித்த பிறகு அங்கு சேர்ந்தேன். முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் டேனிஷில் வரவேற்றவர், பிறகு குனிந்து, "சாப்பாட்டுக்கு என்ன கொண்டந்தனீர்? புட்டெண்டால் ஒளிச்சு வையும். நான் எடுத்துப்போடுவன்" என்றார்.

என் மகன் அவரோடு மட்டும் தமிழில் பேசுவான். நான் குறைப்பட்டபோது, "நீர் அவனைக் கேள்வியெல்லே கேக்கிறீர். நான் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறன்" என்றார்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். என் வதிவிட அனுமதி இன்னும் தற்காலிகமானதுதான். அரசாங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் உடனே திறக்கமாட்டேன். அக்காவுக்கு அது தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் முறைவைத்து எல்லோருக்கும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வருவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் முறை. அவர் குசினியில் பாண் வெட்டிக்கொண்டிருந்ததால் முன்மேசையில் நான் இருந்தேன். காவல்துறையினர் இருவர் வந்து, நேபாளத்து மாணவி ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் வேலை செய்ததால் அவளுடைய வீசா ரத்தாகி, நாட்டை விட்டுப் போகவேண்டிய நாளும் கடந்திருந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். வகுப்பைக் குழப்பத் தங்களுக்கு விருப்பமில்லை என்றார்கள். ஏதோ கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அவளைக் கீழே வரச்சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

என் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. கத்தியும் கையுமாக வெளியே வந்த அக்கா, சீருடைகளைக் கண்டதும் திரும்பிப் போய் அதை வைத்துவிட்டு வந்தார்.

"நீர் எழும்பும். போய் மிச்சப் பாணை வெட்டும்" என்றார் தமிழில்.

"அக்கா, உங்களுக்கும் பிரச்சினை வந்தால்?"

"நான் டெனிஷ் பாஸ்போட்காரி. என்னை எங்கை திருப்பி அனுப்பப் போறாங்கள், ஸ்கீவக்கோ?"

பிறகு அவர்களிடம், பொய்க் காரணம் சொல்லி மாணவர்களைக் கூப்பிடுவதில்லை என்றும், கல்லூரி அதிபரான ரெக்டர் வரும்வரை இருக்கும்படியும் சொன்னார். கோப்பியும் பாணும் கொடுத்தார். ரெக்டர் வந்து, கல்லூரியின் வழக்கறிஞரோடு பேசி, இடைவேளைவரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்களும் பொறுத்தார்கள். அக்கா மாடிக்குப் போய் வகுப்புக் கதவைத் தட்டாமல் வெளியே நின்றார். இடைவேளையில் அந்தப் பிள்ளையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, வழக்கறிஞரோடு பேசவைத்தார். அவள் தானாகவே இறங்கி வந்தாள். தோழி ஒருத்தி பையைச் சுமந்து வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில், குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் காரியம் அமைதியாக முடிந்திருக்கும் என்றார் ஒரு விரிவுரையாளர். அக்கா எழுந்து, "இன்றைக்கு நாங்கள் பொய் சொல்லிக் கூப்பிட்டால், நாளைக்கு உண்மையாகக் கூப்பிடும்போது யார் வருவார்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து, காவல்துறை போன்ற வெளியாருக்காக மாணவர்களை அழைப்பதில்லை என்பது கல்லூரியின் விதி.

அந்தப் பிள்ளை ஊருக்கு அனுப்பப்பட்டாள். பெரிய காரியம் செய்தீர்கள் என்று நான் சொன்னபோது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"நான் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை. அவள் போயிட்டாள். பொய் சொல்லிக் கீழை இறக்கேல்லை, அவ்வளவுதான்."

பிறகு மிச்சத்தைச் சொன்னார். "சின்னனில என்னோடை படிச்ச அகதி முகாம் பிள்ளை ஒண்டை, பல்லுக் காட்ட வேணுமெண்டு வகுப்பிலயிருந்து கூட்டிக்கொண்டு போனவை. அவள் திரும்பி வரேல்லை, நாட்டை விட்டு அனுப்பிப்போட்டினம். பிறகு எங்கடை வகுப்பில ஒருத்தரும் பல்லுக் காட்டப் போகேல்லை. எனக்கு இப்பவும் பல்டொக்டரெண்டால் பயம்."

இலையுதிர்காலத்தில் நோய் விடுப்பில் போன அக்கா திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "முன்மேசையில ஆர்?" என்று கேட்டார்.

"தற்காலிகமா ஒராள், அக்கா."

"நீர் இரும்."

"எனக்குப் பயமாயிருக்கு. வீசா இன்னும் புதுப்பிக்கேல்லை."

"பயத்தோடை இரும். கதிரைக்கு என்ன தெரியப்போகுது?"

இறுதிக்கிரியைக்குப் பிறகு முன்மேசையை நானாகவே கேட்டு வாங்கினேன். மேசையோரத்தில் அவருடைய படத்தையும் ஒரு மெழுகுதிரியையும் வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் நாள் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாமல் வீடு திரும்புகிறேன். வாசலில் நிழலாடினால் முதலில் சீருடையா என்று பார்க்கிறேன்.

நேற்று ஒரு மாணவியைக் கூப்பிடவேண்டி வந்தது. வங்காளதேசத்துப் பிள்ளை, சில நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. "ஒருமுறை அலுவலகத்துக்கு வர முடியுமா?" என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் வெகுநேரம் இருந்தேன். அவளுக்குள் இருக்கும் பயத்தின் மேல் அந்த ஒரு வரி போய் விழும் என்று எனக்குத் தெரியும். என்னுடைய கைபேசிக்கு வந்திருந்தால் நான் போயிருப்பேனா? அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை.

சைக்கிள் தொப்பியைக் கழற்றாமல், கை நனைந்தபடி வந்தாள். "கூப்பிட்டீர்களா?" என்றாள். அக்காவின் படத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

வந்தாள், அக்கா. நீங்கள் ஆறுதலாய் இருங்கோ. முன்மேசையில நான் இருக்கிறன்.