கரிச்சானுக்கு இன்னொரு பெயர்

ஊரிலிருந்து மேலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் வேனில் போவோம். அக்கா ஏழாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவின் கறுப்பை மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறந்தவள் அக்கா. பின்சீட்டுப் பையன்கள் அவளுக்குக் 'கரிச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கரண்டுக் கம்பியில் இரட்டை வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தக் கறுப்புக் குருவி. அவள் ஏறும்போதெல்லாம் ஒருவன் கீச்சென்று கத்துவான். அக்கா காதில் விழாதவள் மாதிரி வந்து உட்காருவாள்.

ஒருநாள் ஜன்னல் சீட்டுக்காக எங்களுக்குள் சண்டை. கோபத்தில் நானும், "போடி கரிச்சான்!" என்று கத்திவிட்டேன். பின்சீட்டு கைதட்டியது. அக்கா எழுந்து எனக்கு இடம் விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே நான் பார்க்கவேயில்லை.

அந்த வருஷம் ஆவணி மூலத் திருவிழாவுக்குச் சித்தி எங்களை மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப்போனார். கூட்டத்தில் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. மூச்சு வாங்க அக்காதான் என்னைத் தூக்கிக் காட்டினாள். அலங்காரத்தில் சாமியோடு ஒரு சின்னக் கறுப்புப் பறவை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அக்கா என்னைக் கீழே இறக்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்தான் சொன்னார்.

"கரிக்குருவிம்மா. கரிச்சான்னும் சொல்லுவாக. மத்த பறவையெல்லாம் சேந்து கொத்திக் கொத்தி வெரட்டுச்சாம். போக்கிடம் இல்லாம மதுரைக்கு வந்து பொற்றாமரைக் குளத்துல முங்குச்சாம். சாமி மந்திரஞ் சொல்லிக் குடுத்து, வலியான்னு பேரும் வச்சாராம். பெறகு அத அசைக்க ஆளில்ல."

"அதோட நெறத்த மாத்தலையா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல தாயி, பேரத்தான் மாத்துனாரு."

கூட்டம் நெட்டித் தள்ளியும் அக்கா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. சித்திதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மறுநாள் வேனில் ஏறியதும் வழக்கம்போலக் கீச்சுச் சத்தம். அக்கா உட்காரவில்லை. நேரே பின்சீட்டுக்குப் போனாள். நான் பையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"பாதிப் பேரச் சொல்லிக் கூப்புட்டா நான் எப்படிடா திரும்புவேன்? வலியான்னு சொல்லு. எம்புட்டுப் பெரிய பருந்தா இருந்தாலும் வெரட்டுமாம், தெரியுமா?"

பையன்கள் சிரிக்கப் பார்த்தார்கள். அதற்குள் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "சிரிக்காதீகடா மாப்ளைகளா. எங்க வயல்ல பாத்திருக்கேன். பருந்து முதுகுலயே ஏறிக் கொத்தும்" என்றார். பின்சீட்டு அடங்கியது.

சில வாரம் கழித்து நாங்களே பார்த்தோம். கண்மாய்க் கரைக்கு மேலே ஒரு பருந்து. அதைத் துரத்தித் துரத்திக் கொத்தியது உள்ளங்கையளவுக் கறுப்பு. வேனே ஜன்னல் பக்கம் சாய்ந்து "வலியான்! வலியான்!" என்று கத்தியது. நிறத்தைப் பார்த்தவர்கள் கரிச்சான் என்றிருக்கிறார்கள். அது செய்வதைப் பார்த்தவர்கள் வலியான் என்றிருக்கிறார்கள். இதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியதுதான் எனக்குத் தெரியும்.

பின்சீட்டை அவள் அடக்கிய அன்று சாயங்காலம், அக்கா புத்தகப் பையின் அடியிலிருந்து முகத்துக்குப் போடும் ஒரு கிரீம் ட்யூபை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "எனக்கு வேணாம். நீ வெளாட வச்சுக்க. அம்மாட்ட சொல்லாத."

வாசனையாக, பால்போல வெள்ளையாக இருந்தது. ஏற்கெனவே வெள்ளையாக இருந்த என் பொம்மையின் முகம் முழுக்க அதைப் பூசி விளையாடினேன். அக்காவுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. அந்த ட்யூப் அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி முக்கால்வாசி தீர்ந்திருந்ததே, அது எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.