பாக்கியசீலன் வாத்தியாரின் முதல் பிசானம்

மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு வாத்தியாராக இருந்த பாக்கியசீலனுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் எலிசபெத்தின்மேல் கிறுக்கே பிடித்திருந்தது. கணக்குப் பாடத்தின் நடுவே தானாகச் சிரிப்பான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அவள் தகப்பனார் இஸ்ரவேல் கெட்டியான சம்சாரி, வயலே கதியென்று கிடக்கிற விவசாயி. சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிற கைக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனசில்லை. தை, மாசியில் அறுக்கிற பிசானப் போகத்து நெல்லை ஒரு தடவை சேதமில்லாமல் வீடு சேர்த்துக் காட்டட்டும், பிறகு கோயிலில் சபைக்கு முன்னால் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்கிறேன் என்றுவிட்டார்.

இவனும் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயலைக் குத்தகைக்குப் பிடித்தான். இஸ்ரவேல் வயலுக்கு நேர் மேல்வயல் அது. கல்யாண அவசரத்தில் ஊருக்கு இருபது நாள் முந்தியே நட்டுத் தொலைத்தான். எங்கள் பக்கம் தண்ணீர் மேல்வயலுக்குள் பாய்ந்துதான் கீழ்வயலுக்கு இறங்கும். அதனால் எல்லோரும் ஒரே சமயத்தில்தான் நடுவார்கள். இந்த மாப்பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தோன்றியது?

தை மாதம் கதிர் தலைசாய்ந்தது. தினமும் நாலு நெல்லைக் கடித்துப் பார்த்தான். பால் வற்றி மாவு இறுகிய அன்று, ஆடிக்கொண்டே வயலுக்குள் தண்ணீர் நுழைகிற வாமடையை அடைக்கப் போனான். இனித் தண்ணீர் நின்றால் கதிர் படுத்து ஈரத்திலேயே முளைத்துவிடும். மண்வெட்டியை ஓங்கியவன் அப்போதுதான் கீழே பார்த்தான். இஸ்ரவேலின் பயிர் பூத்து நின்றது. அடைத்தால் அவர் நெல் பதராகும், அடைக்காவிட்டால் இவன் நெல் பாழாகும். இரண்டிலும் எலிசபெத் கிடைக்கமாட்டாள்.

இரண்டு நாளில் ஏழு தடவை அடைத்தான், ஏழு தடவை திறந்தான். ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு வயலில் இறங்கினான். வரப்பை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்குத் தன் பயிரைத் தானே அறுக்க ஆரம்பித்தான். அந்த இடத்தில் மண் அணைத்து ஒரு வாய்க்கால் பிடித்தால், தன் நெல்லை நனைக்காமல் தண்ணீர் கீழே போய்விடும் என்றான். நெல்லைக் காப்பாற்றவா வந்தான், கெடுக்கவா வந்தான் என்று திட்டிக்கொண்டே நான் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போட்டேன்.

பாதி அறுத்திருப்போம். இஸ்ரவேல் வந்து நின்றார்.

"என்ன வே, பச்சை நெல்லை அறுக்கீரு?"

"உங்க பயிருக்குத் தண்ணி வேணும்லா, மாமா."

அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். இஸ்ரவேல் கிடந்த கதிர் ஒன்றை எடுத்துக் கடித்தார். பூத்து நின்ற தன் பயிரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேதமில்லாமக் கொண்டுவரச் சொன்னேன். நீரே சேதமாக்கிட்டீரு," என்றார். பிறகு, "பாதிரி ஐயர்ட்ட சொல்லுதேன். வர்ற ஞாயித்துக்கெழமையே ஓலை வாசிக்கட்டும்."

பாக்கியசீலன் ஒரு குதி குதித்துப் பண்ணரிவாளை வீசி எறிந்தான். அது கால்வாய்க்குள் போய் விழுந்தது. மிச்சப் பாதியை நாங்கள் இரண்டு பேரும் கையாலேயே பிடுங்கினோம், மாமனார் வரப்பில் நின்று விரட்ட விரட்ட.