ஒரு வாரத்துக்கு நல்ல செய்தி

எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவளுக்குக் கொசு என்று பேர். வைத்தது நாங்கள் இல்லை. வரிசையில் வந்த ஒரு கர்ப்பிணி. "எடுத்தாச்சா? கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்று அவள் கேட்க, அறையே சிரித்தது. அன்றிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் கொசுதான். கோபித்துக்கொள்ள மாட்டாள். "கொசு சாயங்காலம்தான் வரும், நான் காலையிலேயே வந்துடுவேன்" என்பாள்.

நான் அடுத்த அறையில் ரத்தம் பரிசோதிக்கிற மெஷினைப் பார்க்கிறவன். அவள் எடுத்த ரத்தக் குழாய்களை நடுச்சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவாள். அதே ஜன்னல் வழியாக நாள் முழுக்க வம்பும் வரும்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்தாள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கேட்டால் "எனக்கு எங்கே நேரம்?" என்று எரிந்துவிழுவாள். தங்கைக்குச் செருப்புக் கடையில் வேலை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் உண்டானாள். அந்தச் செய்தி வந்த அன்று கொசுவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு வாங்க மறந்துபோனாள்.

ஏழாம் மாதத்தில் தங்கைக்குக் கால் வீங்கியது. "ஊர்க்காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடறேன், என் காலுக்கு எங்க கடையிலேயே அளவு இல்ல" என்று அவள் சிரித்தாள். கொசு சிரிக்கவில்லை. கையோடு டாக்டரிடம் இழுத்துவந்தாள். பிரஷர் லேசாகக் கூடியிருந்தது. டாக்டர் அந்தப் புது ரத்தப் பரிசோதனையை எழுதினார்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் திடீரென்று ஏறி, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கு முன்பே நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் இரண்டு புரதங்களின் அளவு மாறத் தொடங்கும். ஒன்று கூடும், மற்றது குறையும். மெஷின் இரண்டையும் அளந்து ஒப்பிட்டுச் சொல்லும். கணக்கு நல்லபடியாக இருந்தால் இப்போதைக்கு அந்த நோய் வராது என்று பெரும்பாலும் நம்பலாம். இப்போதைக்கு என்றால் ஒரு வாரம். அதற்குப் பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். கொசுவே எத்தனையோ பேரிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறாள்: "நல்லா வந்துடுச்சுன்னு வீட்டோட இருந்துடாதீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வரணும்."

தங்கைக்கு நல்லபடியாகவே வந்தது. ஜன்னல் வழியாக நான் சொன்னதும் கொசு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு வரிசையில் ஒருத்தி, "இங்க வேலை பார்க்கிறவங்க வீட்டு ஆளுன்னா முதல்ல எடுப்பாங்க, நாங்க காத்துக்கிடக்கணும்" என்று காதில் விழும்படி சொல்லியிருந்தாள். அது கொசுவுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு வேண்டிய மருந்து கைவசம் குறைவாக இருந்தது. "தங்கச்சி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கிற கொஞ்சத்தையும் எங்க வீட்டுக்கே எடுத்துக்கிட்டேன்னு பேரு வரணுமா? அவளுக்குத்தான் நல்லா வந்திருக்கே அண்ணே. புது மருந்து வரட்டும், பார்த்துக்கலாம்."

"பிரஷராவது பார்க்கச் சொல்லு."

"எனக்கே பாடம் எடுக்காதீங்க" என்று சிரித்தாள்.

இதற்கு நேர்மை என்று பேர் வைக்கலாம். எனக்கு இன்றைக்கும் அந்த நேர்மையின் மேல் கோபம்தான். வேறு யாராவது இப்படி வராமல் இருந்திருந்தால் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பாள். சொந்த ரத்தம் என்றதும், அந்த ஒரு வாரத்தை அவளாகவே இழுத்து நீட்டிக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த வாரம், ஒரு காலை நேரத்தில் தங்கை கடையிலிருந்து போன் செய்தாள். கொசு பேசியது எனக்குக் கேட்டது.

"தலைவலியா? ராத்திரி தூங்காம பகல் பூரா நின்னா வலிக்காம என்ன செய்யும்? கண்ணுல பூச்சி பறக்குதா? சாப்பிடாம இருந்திருப்பே. உன் ரத்தம் தங்கமா இருக்குடி, நான்தானே எடுத்தேன். கொஞ்சம் படு, சரியாயிடும்."

நான் எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் போனை வைத்துவிட்டாள். "அவளை வரச்சொல்லு" என்றேன். "மத்தியானம் சொல்றேண்ணே" என்றபடி அடுத்தவள் கையில் பட்டையைக் கட்டினாள்.

மத்தியானத்துக்கு முன்பே தங்கை கடையில் வலிப்பு வந்து விழுந்தாள். கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேராக ஆபரேஷன். நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிந்திருந்தது. தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே கொசு அழவில்லை. "மெஷின் தப்பா சொல்லிடுச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் அந்தப் பொய் செல்லாது. மெஷின் சொன்னது அன்றைக்குச் சரி.

தங்கை கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகும் கொசு வார்டுப் பக்கம் போகவில்லை. வேறொருத்தியை அனுப்பித்தான் ரத்தம் எடுக்கவைத்தாள். கடைசியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தங்கை புருஷன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். கொசு உட்காரவில்லை.

தங்கை விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் போன் பண்ணினப்ப உனக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையாக்கா?"

"இல்லடி" என்றாள் கொசு. "ரிசல்ட் வந்ததிலேர்ந்து எனக்குப் பயமே இல்ல. உனக்கு இனிமே ஒண்ணும் வராதுன்னு நினைச்சு நினைச்சு, எப்பவும் சந்தோஷமாவே இருந்தேன்."

தங்கை அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும்தாங்கா" என்றாள்.